எந்த ஆண்டில் கைகொடுப்பது?

அமெரிக்காவில் ஒரு நடுத்தர மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே அறிவியல் படிக்க வரும் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இவர்களில் இன்னும் நிறையப் பேரை முனைவர் பட்ட ஆய்வு வரை கொண்டுபோக வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் பணம் இருக்கிறது. எந்த மாதிரித் திட்டத்தைத் தொடங்குவது? அங்கே பேராசிரியர்களாக இருக்கும் தமிழர்கள் பலரின் மேசைக்கு இந்தக் கேள்வி வருகிறது. என் மேசைக்கும் வந்தது.

குழுக் கூட்டங்களில் முதலில் கேட்கப்படுவது, "எந்தத் திட்டத்தில் வெற்றி விழுக்காடு அதிகம்?" என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் நமக்குப் பொருந்தாத திட்டம் கையில் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். நம் மாணவர்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். முதல் செமஸ்டர் வேதியியலிலா? மூன்றாம் ஆண்டில் எந்த ஆய்வகமும் சேர்த்துக்கொள்ளாததாலா? பட்டம் வாங்கிய பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வழி தெரியாமலா? ஒவ்வொரு திட்டமும் இவற்றில் ஏதோ ஓர் இடத்துக்காக உருவானது. மற்ற இடங்களில் அதற்கு அவ்வளவு பலம் இல்லை.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஐந்து வழிகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை, ஏனென்றால் எல்லாம் சம எடை உள்ளவை அல்ல.

சிலரை எடுத்து முழுதாகக் கொண்டுபோவது

இந்தத் துறையில் யார் பேசினாலும் முதலில் வரும் பெயர் மேயர்ஹாஃப். பால்டிமோரை ஒட்டியுள்ள யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில், ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியர் தந்த நன்கொடையில் 1988இல் உருவான திட்டம் இது. அதை முன்னின்று நடத்தியவர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் 1963இல் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த சிறுவர் ஊர்வலத்தில் 12 வயதில் கைதாகிச் சிறையிலிருந்தவர். பிறகு கணிதம் படித்து, 1992 முதல் 2022 வரை அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். முதல் பேட்ச் 1989இல் சேர்ந்தது. 19 பேர், அத்தனை பேரும் கறுப்பின இளைஞர்கள். அடுத்த ஆண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1996இலிருந்து எந்த இனத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்றானது.

உள்ளே நடப்பது இதுதான். கல்லூரி தொடங்கும் முன்பே ஆறு வாரம் கோடைப் பயிற்சி, அதிலேயே கணிதமும் அறிவியலும் ஆரம்பித்துவிடும். நான்கு ஆண்டுக்கும் உதவித்தொகை உண்டு, மதிப்பெண் குறையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. படிப்பது குழுவாக. கோடைதோறும் உண்மையான ஆய்வகங்களில் வேலை. பெற்றோரையும் கூட்டத்துக்கு அழைப்பார்கள். முதல் நாளிலிருந்தே பேச்சு முனைவர் பட்டத்தைப் பற்றித்தான். இளநிலைப் பட்டம் வழியில் வரும் ஒரு நிறுத்தம் என்றே அங்கே நினைக்கப் பழக்குகிறார்கள். கோவிட் தடுப்பூசி உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மெக்கியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்.

இதன் பலனை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். திட்டத்தில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று வேறு கல்லூரிக்குப் போன மாணவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களோடு ஒப்பிட்டார்கள். பள்ளி மதிப்பெண், ஆர்வம், திறமை எல்லாம் ஏறத்தாழ ஒன்று. திட்டத்தில் சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் பட்டப் படிப்புக்குப் போவது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. நல்ல மாணவர்களைப் பொறுக்கி எடுத்ததால் வந்த பலன் என்று இதைத் தள்ளிவிட முடியாது, எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள்தானே.

அப்படியானால் கெட்டிக்கார மாணவர்களும் நல்ல கல்லூரிகளில் கழன்று போகிறார்கள் என்று ஆகிறது. ஏன்? இதற்கான விடையை மேயர்ஹாஃபுக்கு முன்பே ஒருவர் தேடியிருந்தார். 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கப் போனார். சக ஆசிரியர்களைக் கேட்டபோது ஊக்கம் போதாது, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டு ஆதரவு இல்லை, வறுமை என்று காரணங்கள் வந்தன. அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் பக்கத்திலிருந்து கவனித்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், சொன்னபடி வீட்டுப்பாடம் செய்தார்கள், ஆனால் தனியாகச் செய்தார்கள். படிப்பு வேறு, நட்பு வேறு என்று இருந்தது. சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு மாலையில் கூடி உட்கார்ந்து விடைகளைச் சரிபார்த்தார்கள். யாருக்கும் வராத கணக்கு என்றால் கணக்கு கடினம் என்று தெரிந்தது. தனியாக இருந்தவனுக்கோ, தான்தான் மட்டம் என்று தோன்றியது.

ட்ரைஸ்மன் செய்த மாற்றம் எளியது, துணிச்சலானதும்கூட. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று எதையும் வைக்கவில்லை. வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்து மோதவிட்டார். மாணவர்கள் ஏறிவந்தார்கள். இளநிலை மாணவர்களுக்காக யார் எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பேன். செலவு மிகக் குறைவு. மாணவர்களின் மானத்தையும் காப்பாற்றுகிறது.

சரி, அப்படியானால் எல்லோரும் மேயர்ஹாஃபையே எடுத்துவைத்துவிடலாமே? 2013இல் பென் ஸ்டேட்டும் வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகமும் அதைச் செய்தன. தொடக்க ஆண்டுகளில் கிடைத்த பலன் யு.எம்.பி.சி.யின் தொடக்க ஆண்டுகளை ஒத்திருந்தது. ஆக, ஹ்ரபௌஸ்கி என்ற ஒரு மனிதரின் ஆளுமையால் மட்டும் நடந்த காரியமல்ல, வேறு இடத்திலும் வேர்விடும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டும் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள். பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் மின்னிய மாணவர்கள் அங்கே விண்ணப்பிக்கிறார்கள். சிறிய மாநிலக் கல்லூரிகளுக்கு அவர்களில் பலர் வருவதில்லை. வந்தாலும் விரல்விட்டு எண்ணலாம். இன்னொன்று, லத்தீன் மாணவர்களில் பலர் முதல் இரண்டு ஆண்டு சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருகிறார்கள். கோடைப் பயிற்சியில் தொடங்கும் ஒரு திட்டத்துக்கு அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். அப்புறம் செலவு. ஒரு மாணவருக்கு நான்கு ஆண்டு முழு உதவி என்றால், கையிலிருக்கும் பணத்தில் சில பத்துப் பேருக்கு மேல் எடுக்க முடியாது.

உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திறமையான மாணவர்கள் வருகிறார்கள், ஆனால் பாதியில் அறிவியலை விட்டுவிடுகிறார்கள் என்றால், அல்லது எல்லோரும் மருத்துவம் என்று போய்விடுகிறார்கள் என்றால், இதுவே முதல் தேர்வு. மற்றவர்களுக்கு இல்லை.

எல்லோருக்கும் முதலாண்டிலேயே ஆய்வு

இரண்டாவது வழியில் யாரையும் தேர்ந்தெடுப்பதே இல்லை. முதலாண்டு ஆய்வக வகுப்பையே ஆய்வாக மாற்றிவிடுவது. விடை ஏற்கனவே தெரிந்த பரிசோதனைகளைச் செய்து குறிப்பேடு நிரப்புவதற்குப் பதில், யாருக்கும் விடை தெரியாத ஒன்றை மொத்த வகுப்பும் தேடுகிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, ஹாவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008இல் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் இதன் பின்னால் இருப்பவர். மாணவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ கல்லூரி வளாகத்திலிருந்தோ ஒரு பிடி மண் எடுத்துவருகிறார்கள். அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுக்கிறார்கள், அதற்குப் பெயர் வைக்கிறார்கள், அடுத்த செமஸ்டரில் அதன் மரபணுத் தொகுதியைப் படிக்கிறார்கள். உலகில் அதற்கு முன் யாரும் பார்க்காத ஒன்றை, கல்லூரிக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். இப்படி மாணவர்கள் சேர்த்துவைத்த வைரஸ்கள் வெறும் பயிற்சிப் பொருள்களாக நின்றுவிடவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் கேட்காத தொற்றோடு லண்டனில் உயிருக்குப் போராடிய ஒரு பதின்வயது நோயாளிக்கு, ஹாட்ஃபுலின் சேகரிப்பிலிருந்து எடுத்த மூன்று வைரஸ்களின் கலவை கொடுக்கப்பட்டது, நோயாளி தேறிவந்தார். 2019இல் அது வெளியானது. அந்த மூன்றில் ஒன்றான மட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்தது.

இன்னொரு பெரிய முயற்சி டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2005இல் தொடங்கியது. முதலாண்டு மாணவர்கள் மூன்று செமஸ்டர் தொடர்ந்து ஒரே ஆய்வுப் பிரிவில் இருப்பார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களை ஒத்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்று செமஸ்டரையும் முடித்தவர்களில் அறிவியல், பொறியியல் பட்டம் பெறும் வாய்ப்பு 94 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடிப்பது 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 66. மதிப்பெண் சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை. இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஆய்வு அவர்களை அதிக மதிப்பெண் வாங்க வைக்கவில்லை, விட்டுப் போகாமல் நிறுத்தியது.

ஏன் நிறுத்துகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மிகா எஸ்ட்ராடாவும் சக ஆய்வாளர்களும் சிறுபான்மை அறிவியல் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கையைவிட, "நான் ஒரு அறிவியலாளர்" என்ற உணர்வும், அறிவியல் மதிப்பவற்றைத் தானும் மதிப்பதும்தான் தொடர்ந்து நிலைப்பதோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தன. தன் வைரஸுக்குத் தானே பெயர் வைத்தவளுக்கு அந்த உணர்வு முதலாண்டிலேயே வந்துவிடுகிறது.

இங்கே ஒப்பீட்டில் ஒரு சிக்கல் வருகிறது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. ஆஸ்டினின் எண்கள் இளநிலைப் பட்டத்தை அளக்கின்றன. மேயர்ஹாஃபின் எண்கள் முனைவர் படிப்பில் சேருவதை அளக்கின்றன. 94 விழுக்காட்டையும் ஐந்து மடங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பது அர்த்தமற்ற வேலை. வகுப்பறை ஆய்வு மாணவர்களை அறிவியலில் தங்க வைக்கிறது, அங்கிருந்து முனைவர் பட்டத்துக்கு அது மட்டுமே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. காரணமும் நேரடியானது. முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவுக்கு வேண்டியது, ஒரு மாணவரைக் கூடவே இருந்து பார்த்த பேராசிரியரின் கடிதம். ஒரு பரிசோதனை தோற்றபோது இவர் என்ன செய்தார் என்று சொல்லும் கடிதம். வகுப்பில் 24 பேரை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் அப்படி நாலு பேருக்கு எழுத முடிந்தால் பெரிது.

ஆனால் இதற்கு இன்னொரு பலம் இருக்கிறது. மாணவர் எந்த வகுப்புக்கு எப்படியும் வந்தாக வேண்டுமோ அதற்குள்ளேயே ஆய்வு நடக்கிறது. மாலையில் கடையில் ஷிப்ட் பார்ப்பவரும், தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவரும் தவறவிட மாட்டார்கள். விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆய்வக வாய்ப்புகள் பெரும்பாலும் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் துணிந்தவர்களுக்கே கிடைக்கின்றன. அப்படி எழுதலாம் என்பதையே யாரும் சொல்லித்தராத வீடுகளிலிருந்து வருபவர்கள் இவர்கள்.

கோடைக்கால ஆய்வு

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்கால இளநிலை ஆய்வுத் திட்டம் 1987இலிருந்து நடக்கிறது. வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் வழக்கமாகப் பத்து வாரம் ஆய்வகத்தில் வேலை. உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்கும். சொந்தக் கல்லூரியில் ஆய்வகமே இல்லாதவர்களுக்கு இது பெரிய கதவு, சந்தேகமில்லை. ஆனால் வீட்டையும் வேலையையும் பத்து வாரம் விட்டுப்போகக்கூடியவர்களுக்கே இது சாத்தியம். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இருக்க வேண்டும் என்பதால், சிறுவயதில் ஆவணமின்றி வந்த லத்தீன் மாணவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஒரு கோடை என்பது ஒரு முனைவர் பட்டத்துக்கான ஆயத்தமாகவும் ஆகாது. துணையாக வைத்துக்கொள்ளலாம், அடித்தளமாக வைக்கக் கூடாது.

மூன்றாம் ஆண்டில் கைபிடிப்பது

ரொனால்ட் மெக்நேர் தென் கரோலினாவின் லேக் சிட்டியில் பிறந்தவர். ஒன்பது வயதில், கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தர மறுத்த ஊர் நூலகத்தில், புத்தகம் கிடைக்கும்வரை போகமாட்டேன் என்று உட்கார்ந்தவர். எம்.ஐ.டி.யில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று விண்வெளி வீரரானார். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்தார். அவர் பெயரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய திட்டம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சேருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். அறிவியலுக்கு மட்டுமானது அல்ல, வரலாறும் இலக்கியமும் படிப்பவர்களுக்கும் உண்டு.

மெக்நேர் திட்டத்தின் உண்மையான சொத்து, வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயங்களைச் சொல்லித் தருவது. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுப்பார்கள். இதை முதல் தலைமுறை மாணவரிடம் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இன்னும் ஐந்தாறு ஆண்டு கடன் வாங்கிப் படிப்பது என்றே நினைத்து, முயலாமலே விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் என்றால் வீட்டில் புரிகிறது, ஆய்வாளர் என்றால் என்ன வேலை என்று யாருக்கும் விளங்குவதில்லை. தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பேராசிரியருக்கு எப்படி எழுதுவது, ஆய்வு நோக்க அறிக்கையில் என்ன இருக்க வேண்டும், யாரிடம் கடிதம் கேட்பது என்பதெல்லாம் மெக்நேரில் கற்றுக்கொள்கிறார்கள். மெக்நேர் மாணவர் என்றால் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. பத்து இடத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு அது சிறிய தொகை இல்லை.

இதன் குறை, பெரும்பாலும் பாதி வழி தாண்டிய பிறகே மாணவரைச் சந்திப்பது. முதலாண்டு நுண்கணிதத்திலும் வேதியியலிலும் கழன்று போனவர் மெக்நேர் அலுவலகக் கதவுவரை வரவே மாட்டார். சமுதாயக் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டில் மாறி வருபவர்களுக்கோ, சரியான நேரத்தில் கிடைக்கும் கை இது ஒன்றுதான்.

பட்டத்துக்குப் பின் ஒரு பாலம்

நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் 1866இல், அடிமைமுறை ஒழிந்த கையோடு, விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதே நகரில் பணக்கார ஆய்வுப் பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட் இருக்கிறது. 2004இல் இரண்டும் கைகோத்தன. இயற்பியல், வானியல் போன்ற துறைகளில் மாணவர் ஃபிஸ்கில் முதுநிலை படிப்பார், அப்போதே வாண்டர்பில்ட் ஆய்வகங்களில் வேலை செய்வார், அங்குள்ள பேராசிரியர்களுக்கு அறிமுகமாவார், பிறகு அங்கே முனைவர் படிப்புக்கு நகர்வார். இதை வளர்த்தவர்களில் ஒருவரான வானியலாளர் கீவன் ஸ்டாஸன், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண்ணை வைத்து மாணவரை வடிகட்டுவதைக் கடுமையாக எதிர்த்து 2014இல் நேச்சர் இதழில் எழுதினார். அதற்குப் பதிலாக அவர்கள் நீண்ட நேர்காணல் நடத்தி, தடை வந்தபோது மாணவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தார்கள்.

இந்த வழி மற்றவை விட்டுவிட்டவர்களை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டில் அம்மா நோயில் விழுந்தார், அந்த ஆண்டு மதிப்பெண் சரிந்தது, பட்டியலில் அந்தச் சரிவு அப்படியே நிற்கிறது, இப்போது நேரடியாக எந்த முனைவர் படிப்புக்கும் இடம் கிடைக்காது. இப்படிப்பட்ட மாணவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். திறமைக்குப் பஞ்சமில்லாதவர்கள். முதுநிலைப் பாலமோ, பட்டத்துக்குப் பின் ஓரிரண்டு ஆண்டு சம்பளத்தோடு ஆய்வகப் பயிற்சியோ அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. அமெரிக்க இயற்பியல் கழகமும் இதே எண்ணத்தில் நாடு தழுவிய பாலத் திட்டம் ஒன்றை நடத்தியது. ஆனால் பக்கத்தில் ஒரு வாண்டர்பில்ட் வேண்டும், அந்தப் பக்கத்துப் பேராசிரியர்கள் மனம்வைக்க வேண்டும். இதை ஒரு கல்லூரி தனியாக முடிவெடுத்துத் தொடங்க முடியாது.

பணம் நின்றால் எது நிற்கும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஒப்பீட்டை எழுதியிருந்தால் இந்தப் பகுதி இருந்திருக்காது. இன்று இதுவே பாதி முடிவு.

2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இனத்தை வைத்து மாணவரைச் சேர்க்கும் எதுவும் வழக்கை எதிர்நோக்க வேண்டியதாகிவிட்டது. 2025இல் தேசிய சுகாதார நிறுவனம், 1970களிலிருந்து நடந்துவந்த மார்க் (MARC) என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டம் உள்பட, குறைவாக இடம்பெற்ற பிரிவினருக்கான பயிற்சித் திட்டங்கள் பலவற்றுக்கு முடிவு கட்டியது. அதே ஆண்டு, மெக்நேர் அடங்கிய ட்ரையோ என்ற கூட்டரசுத் திட்டத் தொகுப்புக்கே பணம் வேண்டாம் என்று அதிபரின் நிதிநிலை முன்மொழிவு சொன்னது. நான்கு ஆண்டு ஆதரவு என்ற வாக்கை நம்பிச் சேர்ந்த மாணவரிடம் பாதியில் பணம் நின்றுவிட்டது என்று சொல்வதைவிட மோசமான காரியம் இந்த வேலையில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் இப்படியும் கேட்டுப் பார்க்க வேண்டும்: வெளிப்பணம் நின்ற அன்றைக்கு என்ன மிச்சமிருக்கும்? ஒரே கூட்டரசு மானியத்தில் நிற்கும் உதவித்தொகைத் திட்டத்தில் எதுவும் மிஞ்சாது. மேயர்ஹாஃப் நன்கொடையாளரின் பணத்திலிருந்து தொடங்கியது, அந்த வேர் அதற்குப் பலம். பாடத்திட்டத்துக்குள் புகுந்துவிட்ட ஆய்வு வகுப்பு இருக்கும், ஏனென்றால் வேதியியல் ஆய்வக வகுப்பைக் கல்லூரி எப்படியும் நடத்தியாக வேண்டும். அதில் எல்லோரும் சேரலாம் என்பதால் வழக்கும் வராது. ட்ரைஸ்மன் முறைக் கணக்குப் பட்டறைக்கு ஓர் அறையும், கொஞ்சம் மூத்த மாணவர் நான்கு பேருக்கு மணிக்கூலியும் போதும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பெரும்பாலான மாநிலக் கல்லூரிகளில் மிகப் பெரிய இழப்பு முதல் மூன்று செமஸ்டரில் நடக்கிறது. அதனால் என் முதல் பணம் முதலாண்டு ஆய்வு வகுப்புகளுக்கும் நுண்கணிதப் பட்டறைக்கும் போகும். ஆய்வு வகுப்பை நடத்த முன்வரும் ஆசிரியருக்கு ஒரு பாடச்சுமையைக் குறைத்துத்தர டீனிடம் எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் இரண்டாம் ஆண்டில் அந்த ஆசிரியர் களைத்துப்போவார், வகுப்பு பழைய குறிப்பேட்டுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது பணம், அந்த வகுப்புகளில் ஆர்வம் பற்றிக்கொண்டவர்களை ஆய்வகங்களில் கூலிக்கு அமர்த்துவதற்கு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஊதியமில்லாத ஆய்வு அனுபவம் என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த கதவு. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் ஆய்வகத்தில் இருக்க, கடை வேலையில் கிடைப்பதைவிடக் குறையாத கூலி. ஒரே பேராசிரியரோடு மூன்று நான்கு செமஸ்டர். பரிந்துரைக் கடிதத்தில் எழுத அப்போதுதான் விஷயம் இருக்கும். மெக்நேர் சொல்லித்தரும் விண்ணப்ப நுட்பங்களை இதோடு சேர்த்துக்கொள்ள அந்தப் பெயரில் மானியம் வேண்டும் என்றில்லை. மனம் உள்ள இரண்டு ஆசிரியர்கள் வாரம் ஒரு மாலையை ஒதுக்கினால் நடக்கும். இந்த வழியில் மூன்றாம் ஆண்டில் வந்து சேருபவர்களும் நுழைய இடமிருக்க வேண்டும், பாதி இடங்களை அவர்களுக்கென்றே வைத்தாலும் தவறில்லை.

முழு உதவித்தொகையோடு மேயர்ஹாஃப் போன்ற ஒன்றை நிலையான நன்கொடை கையில் வந்த பிறகே தொடங்குவேன், மானியத்தை நம்பி அல்ல. பாலத் திட்டத்துக்கு, பக்கத்து ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்களோடு பேச்சை இப்போதே தொடங்கிவிடுவேன். ஒப்பந்தம் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஒரு கல்லூரிக்கு இந்த வரிசை தலைகீழாகவும் இருக்கலாம். ஹோவர்ட், ஸ்பெல்மன், வட கரோலினா ஏ அண்ட் டி போன்ற கறுப்பினக் கல்லூரிகள் முதலாண்டு மாணவரைத் தாங்கிப் பிடிப்பதைத் திட்டம் என்ற பெயர் வைக்காமலே வெகுகாலமாகச் செய்துவருகின்றன. அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டம் பெறும் கறுப்பின அமெரிக்கர்களில் ஏறத்தாழ கால்பங்கினர் இளநிலை படித்தது இத்தகைய சுமார் 100 கல்லூரிகளில்தான். அங்கே முதலாண்டு வகுப்பில் பணம் கொட்டுவதைவிட, பெரிய ஆய்வகங்களோடு பாலம் கட்டுவதில் பலன் அதிகம்.

உங்கள் கல்லூரி எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. ஏழெட்டு ஆண்டுக்கு முன் அறிவியல் படிக்கிறேன் என்று சேர்ந்த அத்தனை மாணவர்களின் பட்டியலைப் பெயரில்லாமல் கேளுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எத்தனை பேர் அறிவியலில் இருந்தார்கள், எந்தப் பாடத்துக்கு அடுத்த செமஸ்டரில் எண்ணிக்கை சரிந்தது, மாறி வந்தவர்கள் தனியாக எத்தனை பேர், எத்தனை பேர் எந்த ஆய்வகத்திலாவது கூலி பெற்றார்கள் என்று நான்கே நிரல்கள் போதும். முதல் குழுக் கூட்டத்துக்கு முன்பே அது எல்லோர் கையிலும் இருக்கட்டும்.